இரண்டு மார்க் கேள்வி

ஏப்ரல் 4, வெள்ளி

தினமும் எழுத வேண்டுமாம். என்ன சாப்பிட்டோம், எத்தனை அடி நடந்தோம், மனசு எப்படி இருந்தது, இந்த மூன்றையும். பயிற்சியை நடத்துகிற மார்கோஸ் ஆளுக்கொரு நீல அட்டை நோட்டைக் கையில் திணித்துவிட்டார். "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். நான் வாசிக்கப் போவதில்லை" என்றார். இருபத்தாறு வருஷமாகப் பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிற எனக்கே வீட்டுப்பாடம்.

கிரீஸ் நாட்டில் கிரீட் என்கிற தீவு, அதில் ஒரு மலைக்கிராமம். மத்தியதரைக் கடல் உணவையும் நடையையும் வாழ்முறையையும் இங்கேயே தங்கிப் படிக்கப் பதினாறு நாள். மொத்தம் ஒன்பது பேர், ஏழு பேர் வெள்ளைக்காரர்கள். மீதி இரண்டு பேர் நானும் என் மகன் தரணியும்.

தரணிக்கு இருபத்திரண்டு வயசு, தொண்ணூற்றாறு கிலோ. இஞ்சினியரிங் முடித்துவிட்டு, கம்பெனியிலிருந்து கடிதம் வரட்டும் என்று சோபாவில் படுத்திருந்தவனை எழுப்பி இழுத்து வந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் உணவு முறை சொல்கிற பூங்கொடி மேடத்தின் பிள்ளை இப்படி இருக்கிறான் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவது என் காதில் விழாமல் இல்லை. பத்துக் கிலோவாவது குறைத்துத்தான் எங்கள் ஊர் கோபிக்குத் திரும்புவது.

கிளம்பும்போது அத்தை, அதாவது என் மாமியார், வழக்கம்போல வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். பேரனை ஒரு கை தொட்டு வழியனுப்பவில்லை, அப்படியொரு பிடிவாதம். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "தெரியாத ஊர்ல தெரியாததத் தின்ன வேண்டாம்னு சொல்லு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னிடம் இல்லை. நாங்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஏப்ரல் 5, சனி

நான் 9,120 அடி. தரணி 8,700, வழி நெடுகப் புலம்பலோடு.

காலையில் மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது. பீரோவிலிருந்து எடுத்து வந்த ஸ்வெட்டரை அவனிடம் நீட்டினேன். மூக்கைச் சுளித்தான். "அம்மா, பாச்சா உருண்டை வாசம். தலைய வலிக்குதும்மா." எனக்கோ அந்த வாசம் பிடிக்கும். என் அம்மாவின் டிரங்குப் பெட்டி வாசம் அது. அம்மா போய் ஆறு வருஷமாகிவிட்டது. இன்னும் பீரோவில் நாலு உருண்டை போட்டு வைத்தால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கும். அவன் அதைப் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் இது. கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. மலையில் தானாக முளைத்த கீரையைப் பறித்து வேகவைத்து, அதன் தலையில் எண்ணெயை ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறார்கள் என்றால் நாம் தோசைக்கு விடுகிற மாதிரி இல்லை. கீரை அதில் நீந்துகிறது. எண்ணெயைத் தேக்கரண்டியில் அளந்து விடச் சொல்லி இத்தனை வருஷம் நோயாளிகளைத் திட்டியிருக்கிறேன். இங்கே எண்பது வயசுக் கிழவர் இதைத் தின்றுவிட்டுக் கழுதைக்கு முன்னால் மலை ஏறுகிறார். கொஞ்சம் அவமானமாக இருந்தது. ரசித்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று சமையல் வகுப்பு தோட்டத்திலேயே. எங்களுக்குச் சமைத்துப் போடுகிற அர்கிரோவுக்கு என் வயசுதான் இருக்கும். ஆண்பிள்ளை மாதிரிக் கை, பேச்சில் தாட்சண்யம் கிடையாது. ஒரு கூடை நிறையத் தடித்த பச்சைக் காய்களைப் பறித்து வந்து மேஜையில் கொட்டினாள். உரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சில் படுத்துக்கொண்டு நாலைந்து விதை. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம மொச்சைதான், கொஞ்சம் பெரிசு. இவர்கள் கூக்யா என்கிறார்கள். பச்சையாகவே உப்பைத் தொட்டுத் தின்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் அர்கிரோ ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொருவராக முகத்துக்கு நேரே நின்று, இது உனக்குச் சேருமா, உன் வீட்டில் யாருக்காவது சேராமல் போயிருக்கிறதா என்று கேட்டாள். ஒன்பது பேரிடமும் தனித்தனியாக. சடங்கு மாதிரி இருந்தது. தரணியிடம் வந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "இவனுக்குச் சேராதது என்று ஒன்று இல்லை. இதைக் குழம்பு வைத்துத் தின்று வளர்ந்த பிள்ளை." அவள் என்னைப் பார்க்காமல் அவனையே பார்த்து, "உனக்கு?" என்றாள். "அம்மா சொன்னா சரிதான்" என்றான் அவன் இங்கிலீஷில். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் இப்படிச் சொல்வது அவர்களுக்கு வேடிக்கை.

அவனுக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை. நாலு தின்றுவிட்டுக் கையைத் துடைத்தான். விடுவேனா. நாரும் புரதமும் இவ்வளவு சேர்ந்து ஒரு காயில் கிடைப்பது அபூர்வம். பக்கத்தில் உட்கார்ந்து நானே உரித்து உரித்துக் கொடுத்தேன். இரண்டு பிடி தின்றிருப்பான். மனநிலை: திருப்தி.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் கூக்யா மசியல், வெங்காயமும் எலுமிச்சையும் போட்டு. அவனுக்கு ஒரு கிண்ணம். பிறகு மடாலயம் வரைக்கும் போய்வர பதினோரு கிலோமீட்டர். திரும்பும்போது தரணி இரண்டு தடவை பாறையில் உட்கார்ந்துவிட்டான். "முடியலம்மா." உட்கார்ந்தால் இன்னும் முடியாமல் போகும் என்று கையைப் பிடித்து இழுத்து நடக்கவைத்தேன். மார்கோஸ் கைதட்டினார். 17,400 அடி. இவன் பிறந்ததிலிருந்து இதுதான் அதிகம். மனநிலை: பெருமை.

ஏப்ரல் 9, புதன்

எழுந்திருக்கவில்லை. முதுகு வலிக்கிறதாம், உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறதாம். நடைப்பயிற்சி ஆரம்பித்தால் எல்லாரும் சொல்கிற கதைதான். பத்து மணிக்கு, "அம்மா, யூரின் கோக் கலர்ல போகுதும்மா" என்றான். முந்தாநாள் ராத்திரி பீட்ரூட் சாலட் தின்றானே. பீட்ரூட் தின்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்களைப் பற்றி வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைப்பேன். இரண்டு லிட்டர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக் குடிக்கச் சொன்னேன்.

முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. இந்த அறையின் பல்பே மஞ்சள். என் முகமும் அப்படித்தான் தெரிகிறது.

மத்தியானம் எதுவும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெறும் வயிறாகப் போட முடியுமா. அர்கிரோவின் சமையலறையில் மிச்சமிருந்த மசியலை எடுத்து வந்து நாலு கரண்டி ஊட்டிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து கத்திவிடுவேன் போலிருக்கிறது.

காலையில் அர்கிரோ ரொட்டி கொண்டுவந்தாள். இருட்டில் ஏன் படுத்திருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே மரஜன்னலைத் திறந்தாள். வெயில் அவன் முகத்தில் விழுந்தது. ரொட்டியைக் கீழே போட்டுவிட்டாள். கட்டிலில் ஏறி அவன் கண்ணிமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சள்கிழங்கு மாதிரி இருந்தது. அந்த ஜன்னலை நான் ஏன் திறக்கவில்லை என்று தெரியவில்லை. "கூக்யா" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. பிறகு வாசலுக்கு ஓடி அவள் புருஷனைக் கூப்பிட்டாள். ஜீப்பில் ஏற்றும்போது தரணியால் நிற்க முடியவில்லை. தொண்ணூற்றாறு கிலோவையும் மூன்று பேர் தூக்கினார்கள்.

வளைவு வளைவாக மலை இறங்குகிற அந்த நாற்பது நிமிஷம் அவன் தலை என் மடியில். அர்கிரோ முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: "நான் அவனிடம்தான் கேட்டேன். உன் பதிலை எடுத்துக்கொண்டேன். எடுத்திருக்கக் கூடாது."

இந்த ஊரில் இது குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். சில ரத்தத்துக்கு இந்தக் காய் ஆகாது. அவளுடைய கூடப்பிறந்த தம்பி, கூக்யா பூத்திருக்கிற வயல் பக்கமே போகமாட்டானாம். பிள்ளை பிறந்ததும் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தானாம்.

டாக்டர் இலியானா சின்னப் பெண், முப்பத்தைந்துக்குள். "என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எப்போது? தேதி வாரியாகச் சொல்லுங்கள்" என்றாள். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. பையில் இந்த நோட்டு இருந்தது. எடுத்து ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். ஏழாம் தேதி, நானே உரித்து உரித்துக் கொடுத்தேன், இரண்டு பிடி. எட்டாம் தேதி, ஒரு கிண்ணம். ஒன்பதாம் தேதி, கோக் கலர். ஒன்பதாம் தேதி மத்தியானம், நாலு கரண்டி ஊட்டிவிட்டேன். அவள் குறித்துக்கொண்டே வந்தாள். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். ஊட்டச்சத்துப் பேராசிரியை என்றேன். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி ஒன்று. நேற்று இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், இன்று ஒன்று. யாரோ முகம் தெரியாத கிரேக்கர்களின் ரத்தம். சிறுநீரகம் தாங்கிக்கொள்கிறதா என்று மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாற்றுகிற ஒரு நொதி பிறவியிலேயே அவனுக்குக் குறைவு. சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இந்த விதை உள்ளே போனால் அணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். நம்ம மொச்சை இதைச் செய்யாது, அது வேறு செடி. இதற்கு ஃபேவிசம் என்று பெயர்.

எனக்குத் தெரியும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டு பாடப் புத்தகத்தில், பருப்பு வகைகள் பாடத்தின் கடைசியில் ஒரு பத்தி. "ஃபேவிசம் – சிறுகுறிப்பு வரைக. இரண்டு மதிப்பெண்." இந்தக் கேள்வியை என் கையால் நாலு தடவை வினாத்தாளில் போட்டிருக்கிறேன். சரியாக எழுதாத பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். மகனுக்கு இது தாயிடமிருந்துதான் வரும். தகப்பனுக்கு இதில் பங்கே இல்லை.

ஏப்ரல் 12, சனி

மத்தியானம் தரணி கண்ணைத் திறந்து ஜூஸ் குடித்தான். யூரின் நிறம் மாறிவருகிறது. பிழைத்துக்கொண்டான்.

இதை எழுதிவிட்டு மூடியிருக்க வேண்டும். சாயங்காலம் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தாள். ஆயுசுக்கும் அவன் தள்ளி வைக்க வேண்டியவற்றின் பட்டியல். முதலில் கூக்யா. அப்புறம் வரிசையாக மாத்திரைகள். கடைசிக்கு முந்தின வரியில், துணிக்கு வைக்கிற நாஃப்தலீன் உருண்டை, நம்ம பாச்சா உருண்டை. மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறும், பச்சைக் குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து என்று போட்டிருந்தது.

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. டாக்டர், "உங்களுக்கு வேறு பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டாள்.

உண்டு. இருந்தான்.

தரணிக்கு முன்னால் ஒருவன். இருபத்து நாலு வருஷம் முன்பு, சத்தியமங்கலத்தில் என் அம்மா வீட்டில், தலைப்பிரசவம். பெயர்கூட வைக்கவில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பழசுதான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசை ஆசையாக டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். என் தம்பி குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், அப்பாவின் பழைய வேட்டித் துண்டுகள். இருபது வருஷமாகப் பாச்சா உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தவை. பூச்சி ஒரு ஓட்டைகூடப் போடவில்லை என்று அம்மா பெருமைப்பட்டாள். துவைக்கக்கூட இல்லை, அப்படியே சுற்றினோம். அறை முழுக்க அந்த வாசம்.

நாலாம் நாள் அத்தை கோபியிலிருந்து பார்க்க வந்தார். சேனைத்தண்ணி வைக்க. கைராசிக்காரர் என்று பேர். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணி வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். விரலில் தொட்டு ஒரு சொட்டு வைத்தார். அன்று சாயங்காலமே குழந்தை மஞ்சளாகத் தெரிந்தான். வெயிலில் காட்டினோம். ஆறாம் நாள் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

ஊட்டச்சத்து படித்த திமிர். கழுவாத விரல், கிருமி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொந்தபந்தம் நிறைந்த வாசலில் வைத்துச் சொன்னேன்: "உங்க கை பட்டுத்தான் என் புள்ள போச்சு."

தரணி பிறந்தபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எல்லாத் துணியும் கடையில் புதுசாக வாங்கினேன். அவனுக்கும் மஞ்சள் காமாலை வந்தது, மூன்று நாள் நீல விளக்கில் வைத்துச் சரியாக்கிவிட்டார்கள். அத்தை வந்தார். கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் அவரைத் தள்ளி வைத்ததாக நினைத்தேன். அந்தத் தடவை உண்மையில் தள்ளி நின்றது அம்மாவின் பெட்டி.

ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சேனைத்தண்ணியின் ஆபத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், என்று ஆரம்பித்து இந்தக் கதையைத்தான் சொல்வேன். சில பிள்ளைகள் அழுவார்கள்.

எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். "ஆனால் நான் அன்று அங்கே இருந்திருந்தால் முதலில் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்."

"அந்தச் சர்க்கரைத் தண்ணி?"

"பச்சைக் குழந்தைக்குத் தேவையில்லாததுதான். ஆனால் ஒரு சொட்டு இதைச் செய்யாது."

அவன் படுத்திருந்த அறைக்கு வந்ததும், அன்று இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து, வாசல் குப்பைத்தொட்டியில் போட்டேன். போட்ட பிறகும் கையில் வாசம் இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

தரணி இட்லி கேட்டான். எங்கே போவேன். அர்கிரோ அரிசிக்கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து. இந்தத் தடவை ஸ்பூனை அவன் கையில் கொடுத்து, "உனக்கு வேண்டுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் போன பிறகு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு அண்ணன் இருந்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. நான்தான் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று வைத்திருந்தேன். 

"அதான் அப்பத்தா என்னையத் தொடறதே இல்லியாம்மா?"

"ம்."

"அப்பத்தாவுக்கு என்னையப் புடிக்காதுன்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்."

ஏப்ரல் 14, திங்கள்

ஊரில் இன்று சித்திரை ஒன்று. இங்கே காலை ஏழு மணி. போன் போட்டேன். என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். தரணி நடக்கிறான், நாலு நாளில் விடுவார்கள் என்று சொன்னேன். 

"மாமா, அத்தைகிட்டக் குடுங்க."

"யாருகிட்ட?"

"அத்தைகிட்டங்க."

போன் கைமாறுகிற சத்தம். பிறகு மூச்சு மட்டும். அவர் என்னிடம் பேசி இருபத்து நாலு வருஷம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று பயந்து நிறுத்தாமல் சொன்னேன். காயைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, அது என் வழியாக வந்தது என்று, என் அம்மாவின் பெட்டி, வேட்டித் துண்டு, பாச்சா உருண்டை, அன்றைக்கு வாசலில் நான் சொன்னது. மன்னிச்சுக்குங்க என்று எத்தனை தடவை சொன்னேனோ. அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது.  இவ்வளவு காலம் மனசில் என்னைத் திட்டியிருப்பார், இன்றைக்காவது வாய்விட்டுத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"தம்பி கஞ்சி குடிச்சானா?" என்றார்.

"குடிச்சானுங்க அத்தை."



"நானும் அப்படித்தான் அம்மணி நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். "நீ சொன்னது நெசம்னுதான். எத்தனை பேரு வந்து கூப்புட்டாங்க, சேனை வெக்கோணும் வாங்கன்னு. ஒத்தக் குழந்தையத் தொட்டிருப்பனா நான்? தம்பியத் தூக்கறதுக்கு எத்தனையோ நாளு கை நீளும். வேண்டாம், இந்தக் கை ஆகாதுன்னு முந்தானைக்குள்ள வெச்சுக்குவேன்."

பிடிவாதம் என்று நான் எழுதி வைத்தது அதைத்தான்.

  அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, என்னை மருமகளாக நினைக்காமல், ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற டாக்டரம்மாவிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அப்ப என் கையில ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லீங்க அத்தை" என்றேன். காதில் விழவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கேட்டார்.